அசல், நகல், போலி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், நீராட வருகிறவர்களைப் போலவே அவர்கள் ஏறிவரும் வாகனங்களும் பார்க்கத் தகுந்தவை. சென்ற வாரம் ஐந்தருவிச் சாலையோரம் ஒரு சிவப்பு மோட்டார் நின்றது. இரண்டே ஆசனங்கள், கூரை கிடையாது. சாரலில் இப்படியொரு வண்டியில் வந்த இளைஞரின் துணிச்சலை மெச்சினோம்.

"அசல் கோப்ரா, ஸார்! அறுபது வருஷத்து வண்டி!" என்றார் அவர்.

வண்டியை மெல்லத் தட்டிப் பார்த்தோம். அசல் கோப்ராவின் உடல் அலுமினியத் தகடு. இதுவோ கண்ணாடி நார். இங்கிலாந்தின் ஏ.ஸி. கம்பெனி வண்டியில் அமெரிக்க போர்டு எஞ்சினை வைத்து, கரோல் ஷெல்பி என்பவர் 1962-இல் உருவாக்கியது கோப்ரா. 1967 வரை பிறந்தவை ஏறக்குறைய ஆயிரமே. அவற்றின் சாயலில் பின்னால் பிறந்தவை பல ஆயிரம்.

இதைச் சொன்னதும் இளைஞரின் முகம் வாடியது. "விற்றவர் அசல் என்றுதானே பணம் வாங்கினார்! இனி நான் விற்கும்போது என்ன சொல்வேன்?" என்றார்.

விடை சொல்லாமல், "நம்மைத் தென்காசியில் விடுகிறீர்களா, தம்பி?" என்று கேட்டு ஏறிக்கொண்டோம். நனைந்தபடியே ஊரை நெருங்கியதும் கோபுரம் தெரிந்தது.

கோயில், பராக்கிரம பாண்டியர் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பியது. கோபுரமோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. இன்று காணும் ஒன்பது நிலைகளும் மீண்டும் கட்டப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டவை. ஊரார் இதை ஒளிப்பதில்லை. அதனால் கோபுரம் ஓரடியும் தாழ்ந்துவிடவில்லை. பிற்காலத்தில் இக்கோயிலைப் பழுதுபார்ப்பவர்களை வணங்குவதாகப் பாண்டியரே கல்லில் பொறித்துச் சென்றார். ஊரின் பெயரைத்தான் பாருங்கள்! 'தென்' என்ற ஒரு சொல்லை முன்னே வைத்துக்கொண்டு, கங்கைக்கரைக் காசி வேறு, நாம் வேறு என்று அது ஒப்புக்கொள்கிறது.

வண்டிக்கும் அதுவே நியாயம். செய்த வருஷம், எஞ்சின் யாருடையது, உடல் எதனால் ஆனது, சாஸிஸ் எண் எந்த வண்டிக்கு உரியது என்பவற்றைச் சொல்லிவிட்டால், நகல் வைத்திருப்பவர் தலைகுனிய வேண்டியதில்லை. அசல் வண்டியிலும் மாற்றிய பாகங்களைச் சொல்லியே தீரவேண்டும்.

வீட்டு வாசலில் இறங்கினோம். "நகல்தான், ஆனால் நன்றாக ஓடும் என்று சொல்லியே விற்கிறேன், ஸார்! நஷ்டம் என்னோடு போகட்டும்" என்றார் இளைஞர்.

நகலைப் போலியாக்குவது பட்டறையல்ல, விற்பவன் நாக்கு. அந்த நாக்கு அன்று நம் வாசலில் நேராயிற்று.