வினாத்தாள் விடைகள் நலமதிப்பெண்ணாக மாறுவது எவ்வாறு?

புற்றுநோய் மருந்தாய்வுகளில் சோர்வு, வலி, குமட்டல், உறக்கம், குடும்ப வாழ்க்கை முதலியவை குறித்த 30 வினாக்கள் கொண்ட தாள் நோயாளர்களிடம் வழங்கப்படுவதுண்டு. க்யூஎல்க்யூ-சி30 என்பது அதன் பெயர். ஒரு சிகிச்சையைப் பொது நிதியில் வழங்கலாமா என ஆராயும்போது, அவ்விடைகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

நலமதிப்பெண் என்பது யாது?

முழு நலத்திற்கு 1, இறப்பிற்கு 0 என்பது இதன் அளவுகோல். இறப்பினும் கொடியதாகக் கருதப்படும் நிலைக்கு எதிர்ம எண் கிடைக்கும். மதிப்பெண்ணை வாழும் ஆண்டுகளால் பெருக்குவர். 0.6 என்ற நிலையில் 2 ஆண்டுகள் வாழ்ந்தால், அது முழு நலத்துடன் வாழ்ந்த 1.2 ஆண்டுகளுக்கு நிகராகும்.

இம்மதிப்பெண்ணைப் பெற ஈக்யூ-5டி என்னும் வினாத்தாள் பரவலாகப் பயன்படுகிறது. நடமாட்டம், தன்பராமரிப்பு, அன்றாடப் பணிகள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்தையும் ஐந்து நிலைகளில் இது அளக்கிறது. இந்தியாவுக்கான மதிப்பெண் பட்டியல், ஐந்து மாநிலங்களில் 3,500-க்கும் மேற்பட்ட பொதுமக்களின் கருத்தறிந்து 2022-இல் வெளியிடப்பட்டது.

மாற்றுச் சூத்திரம் ஏன்?

பல மருந்தாய்வுகளில் ஈக்யூ-5டி பயன்படுத்தப்படுவதில்லை. எனவே, இரு வினாத்தாள்களையும் நிரப்பிய வேறொரு நோயாளர் குழுவின் விடைகளைக் கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணிக்கும் சூத்திரத்தை ஆய்வாளர்கள் உருவாக்குகின்றனர்.

இத்தகைய ஆய்வுகளை மீளாய்வு செய்வோர் மீண்டும் மீண்டும் சுட்டும் குறை ஒன்றுண்டு. சூத்திரம் தரும் மதிப்பெண்கள் சராசரியை நோக்கி நெருங்குகின்றன. கடுமையாக நோயுற்றவரின் நிலை உள்ளதைவிட நன்றாகவும், நலமாக இருப்பவரின் நிலை சற்றுக் குறைவாகவும் தோன்றுகின்றன. இதனால், படுக்கையில் கிடந்தவரை நடமாடச் செய்யும் மருந்தின் பயன்கூடக் கணக்கில் குறைந்து தெரியக்கூடும். குமட்டலுக்கும் சோர்வுக்கும் ஈக்யூ-5டி-யில் தனி வினா இல்லாமையால், அத்துன்பங்கள் முழுமையாகப் பதிவாகாமலும் போகலாம். எனவே, நேரடியாகப் பெற்ற விடையே சிறந்தது. சூத்திரம் அது கிடைக்காதபோது கொள்ளும் மாற்று வழியே.

நோயாளரும் பராமரிப்போரும் கவனிக்க வேண்டியவை

• எவ்வினாவையும் விடுக்காது நிரப்புக. பொருள் விளங்காவிடில் செவிலியரிடமோ ஆய்வுப் பணியாளரிடமோ கேட்டறிக.
• மருத்துவர் மனம் வருந்துவாரோ எனக் கருதித் துன்பத்தைக் குறைத்துக் கூற வேண்டா. மிகைப்படுத்தவும் வேண்டா.
• நோயாளர் விடையளிக்க இயலும்வரை, பராமரிப்போர் வினாவை வாசித்துக் காட்டலாம். விடை நோயாளருடையதாகவே இருத்தல் வேண்டும்.
• ஒரு மருந்து பயனற்றது எனச் செய்தி வரின், மதிப்பெண் நேரடியாகப் பெறப்பட்டதா, சூத்திரத்தால் கணிக்கப்பட்டதா என மருத்துவரிடம் வினவுக. அச்செய்தியை மட்டும் நம்பிச் சிகிச்சையை நிறுத்தலாகாது.

நலமதிப்பெண் ஒரு சிகிச்சையின் பயனை அளப்பதற்கானது. எந்த ஒரு மனிதரின் உயிர்மதிப்பையும் அது அளப்பதில்லை.