கமெராவும் நாமும்: மலையடி ஏரி



இம்முறை தூரதேசத்து ஏரியொன்றின் கரைக்குப் போவோம். ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், யெலோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு மேற்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. ரெட் ரொக் லேக்ஸ் வனசீவராசிகள் சரணாலயம் அங்குதான் இருக்கிறது. ஏரிகளுக்குத் தெற்கே சென்ரெனியல் மலைத்தொடர் மதில்போல எழுந்து நிற்கும். கரையில் புல், நடுவில் நீர், அப்பால் மலை. கமெரா வைத்திருக்கும் எவருக்கும் கை துருதுருக்கும்.

ஆனால், நண்பகலில் போய் நின்றால் படம் சரிவராது. மலை தெற்கே இருக்கிறது. அங்கே நண்பகற் சூரியனும் தெற்கில்தான் நிற்கும். வெளிச்சம் நமது கண்ணுக்கு நேரே அடிக்க, நம்மை நோக்கிய மலைமுகம் நிழலில் கறுத்துக் கிடக்கும். கோடையில் அங்கு சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறையும். ஆகவே காலையிலும் மாலையிலும் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டும். விடியலில் பெரும்பாலும் காற்றும் அடங்கியிருக்கும். நீரில் விழும் மலையின் பிம்பம் கலையாது. உங்கள் ஊர்க் குளத்தைப் படம்பிடிக்கும்போதும் சூரியன் எந்தப் பக்கம் என்பதை முதலில் பாருங்கள்.

அந்த ஏரிகளில் ட்ரம்பெட்டர் எனப்படும் பெரிய வெள்ளை அன்னங்கள் வாழ்கின்றன. தோலுக்கும் இறகுக்குமாக வேட்டையாடப்பட்டு, 1930களின் தொடக்கத்தில் அலஸ்கா நீங்கலான ஐக்கிய அமெரிக்காவில் 70க்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. அவற்றைக் காக்கவே 1935இல் இந்தச் சரணாலயம் அமைக்கப்பட்டது. கருநீல நீரில் வெள்ளைப் பறவையை எடுக்கும்போது கமெரா ஏமாந்துவிடும். இருட்டைக் கண்டு வெளிச்சத்தைக் கூட்டும்; அன்னம் இறகே தெரியாத வெள்ளைப் பொட்டாகிவிடும். கைத்தொலைபேசியானால் திரையில் அன்னத்தின்மீது தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். கிட்டப் போகவேண்டாம். ஆளைக் கண்டு தாய் கூட்டைவிட்டு எழுந்தால் முட்டைகள் குளிர்ந்துவிடும். அன்னம் சிறிதாகத் தெரிந்தாலென்ன, மலை பெரிதென்பது அதனால்தானே விளங்கும்!

பக்கத்து யெலோஸ்டோனுக்கு 1871இல் வில்லியம் ஹென்றி ஜக்சன் என்னும் படப்பிடிப்பாளர், கண்ணாடித் தட்டுகளையும் இரசாயனங்களையும் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு போனார். அவரது படங்கள், 1872இல் அது தேசியப் பூங்காவாவதற்குத் துணைநின்றன. 1977இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஜக்சன் போன்றோர் நின்ற இடங்களைத் தேடிப்பிடித்து, அதே பருவத்தில், அதே வேளையில் மீண்டும் படமெடுத்தார்கள். நூறு ஆண்டுகளில் எது மாறியது, எது மாறவில்லை என்பது அருகருகே வைத்ததும் தெரிந்தது.

இடப்பெயர்வின்போது அல்பங்களை விட்டுவிட்டு வந்தவர்கள் நம்மில் பலர். திரும்பிப் போனபோது கிணறு எங்கே இருந்தது, வேலி எதுவரை போனது என்று காட்ட ஒரு படமும் இல்லாமல் தவித்தவர்களும் உண்டு. எனவே இயற்கைக் காட்சி என்றதும் வேலியையும் மின்கம்பத்தையும் ஒதுக்கிவிட்டுப் படமெடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடல்ல. உங்கள் வளவோ குளக்கட்டோ எதுவானாலும், அசையாத அடையாளம் ஒன்று படத்தில் இருக்கட்டும்: கிணற்றுக்கட்டு, கோயில் மதில், பழைய புளியமரம். ஆண்டுக்கொருமுறை அதே இடத்தில் நின்று எடுங்கள். இடம், திகதி, நேரம், பார்த்த திசை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். தொலைபேசி பழுதானால் படமும் போய்விடும்; ஆகவே ஒரு பிரதியாவது அச்சிட்டு, பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதி, வேறோர் ஊரிலிருக்கும் உறவினரிடம் இன்னொன்றைக் கொடுத்துவையுங்கள்.

அடுத்த இதழில், யன்னல் வெளிச்சத்தில் முகங்களைப் படம்பிடிப்பது பற்றிப் பார்ப்போம்.