போர்டு வெச்சா மட்டும் பழைய வீடு நிக்குமா?

இன்று ஏப்ரல் 18, உலக பாரம்பரிய தினம். காலையிலிருந்து டைம்லைன் முழுக்க தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரமும்தான். பெருமைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா இந்தப் பதிவு கோபுரம் இல்லாத கட்டடங்களைப் பற்றியது. ஜனங்க குடியிருந்த பழைய வீடுகள், சின்னச் சின்ன ஜெபக்கூடங்கள். இதையெல்லாம் யார் காப்பாத்துறது?

மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடியை எடுத்துக்குவோம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினாங்க. 1845-ல் ஆங்கிலேயரிடம் ஊரை விற்றுவிட்டுப் போனாங்க. நாம போனா அந்தக் கோட்டை முன்னாடி செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடறோம். ஆனா அந்த ஊரோட உண்மையான கதை தெருவுக்குள்ளே இருக்கு.

1706 ஜூலையில் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படிச்சார். தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேகரிச்சு 1708-லேயே பட்டியல் போட்டார். அச்சு இயந்திரம் வந்தது, தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன, 1715-ல் புதிய ஏற்பாடு முழுசாத் தமிழில் அச்சாகி முடிந்தது. (தமிழில் முதல் அச்சுப் புத்தகம் 1578-லேயே கொல்லத்தில் வந்துடுச்சு. வாட்ஸ்அப்பில் வரும் தவறான தகவலை நம்பாதீங்க.) 36 வயசில் இறந்த அவரை, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செஞ்சாங்க. 1707-ல் கட்டின முதல் சின்ன ஆலயம் இன்னிக்கு இல்லை. அவர் வாழ்ந்த வீடு மட்டும் பழுது பார்க்கப்பட்டு அருங்காட்சியகமா நிற்குது.

"வெள்ளைக்காரன் கட்டினதை நாம ஏன் காப்பாத்தணும்?" கமெண்ட்ல இது வரும்னு தெரியும். அந்தச் சுவரை எழுப்பினது நம்ம ஊர்க் கொத்தனார். உத்தரம் இழைத்தது நம்ம ஊர்த் தச்சர். சீகன்பால்குவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நம்ம ஊர் வாத்தியார். இது நம்ம உழைப்பு, நம்ம மொழியோட வரலாறு. வேற யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, நிஜமான பிரச்சினைக்கு வருவோம். கோட்டையை மாநிலத் தொல்லியல் துறை பார்த்துக்குது. முக்கியமான ஒருசில கட்டடங்களுக்கு வெளிநாட்டு உதவியும் கிடைக்குது. சுனாமிக்குப் பிறகு சில தமிழ் வீடுகளை இன்டாக் அமைப்பு சீர் செஞ்சு கொடுத்தது. மற்ற வீடுகள்? திண்ணையும் மரத்தூணும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் வெச்ச வீட்டில் குடியிருக்கிற சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்?

பொறியியல் படிச்சவங்களுக்கு இது புரியும். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைச்ச பூச்சு. அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். அது மேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே அடைபடும், கடற்கரை உப்பு உள்ளே படியும், கொஞ்ச வருஷத்தில் செங்கல் பொடிப்பொடியா உதிரும். ஆனா சிமென்ட் தெருமுனைக் கடையில் கிடைக்குது. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்கணும். வீட்டுக்காரர் மேல என்ன தப்பு? முடிஞ்ச வரைக்கும் ஒட்டுப் போடுவார், முடியலைன்னா இடிச்சுட்டு கான்கிரீட் வீடு கட்டுவார்.

தாமதத்தோட விலை என்னன்னு புதுச்சேரியைப் பார்த்தாலே தெரியும். கடற்கரைச் சாலையில் கம்பீரமா நின்ன 'மேரி' கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிஞ்சு விழுந்தது. பிறகு அதே வடிவத்தில் புதுசாக் கட்டினாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா பழசு போனது போனதுதான்.

இங்கிலாந்தில் அரண்மனைகள் மட்டுமில்லாம சாதாரண வீடுகள், மூடப்பட்ட சின்னத் தேவாலயங்கள்னு ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கு. பழைய தேவாலயத்தை வீடா மாத்திக் குடியிருக்கவே செய்யறாங்க. மாற்றம் செய்ய அனுமதி வாங்கணும், அவ்வளவுதான். அதாவது பட்டியலில் சேர்த்துட்டா கட்டடத்தைப் பூட்டி வைக்கணும்னு அர்த்தம் இல்லை.

நம்ம மாநிலத்தில் மரபுக் கட்டடங்களுக்கு ஆணையம் அமைக்கிற சட்டம் 2012-லேயே நிறைவேறியது. பிறகு வருஷக்கணக்கில் பேப்பரிலேயே கிடந்தது. சட்டம் மட்டும் போதாது. வீட்டுக்காரருக்குத் தடையை மட்டும் கொடுத்து, உதவியைக் கொடுக்கலைன்னா, பட்டியல் வர்றதுக்கு முந்தின நாளே ஜேசிபி வந்துடும்.

அதனால நாம கேட்கிறது இதுதான்:

✅ கோயில், கோட்டையோடு நிறுத்தாம, மாவட்டம்தோறும் பழைய வீடுகளையும் வழிபாட்டு இடங்களையும் கணக்கெடுக்கணும். எந்த மதம், எந்தச் சாதி, எந்தத் தெருன்னு பார்க்கக் கூடாது.

✅ பட்டியலில் சேரும் வீட்டுக்குச் சொத்து வரிச் சலுகை, பழுது பார்க்க மானியம். புதுச்சேரியில் வீட்டு முகப்பைச் சீரமைக்கும் செலவில் இன்டாக் பங்கு கொடுத்த முன்மாதிரி இருக்கு.

✅ ஐடிஐ-களில் சுண்ணாம்பு வேலை, மர வேலைக்குத் தனிப் பயிற்சி. வீடும் நிக்கும், நம்ம பசங்களுக்கு வேலையும் கிடைக்கும்.

✅ மாற்றம் செய்ய விண்ணப்பிச்சா குறிப்பிட்ட நாளுக்குள் பதில். வீட்டுக்காரரை ஆபீஸ் ஆபீஸா அலைய விடக் கூடாது.

பாரம்பரியத்தைக் காக்கிற பொறுப்பு அந்த வீட்டில் குடியிருக்கிறவர் தலையில் மட்டும் விழக் கூடாது. அது நம்ம எல்லாரோட சொத்துன்னா, செலவிலும் நமக்குப் பங்கு இருக்கணும்.

உங்க ஊரில் இப்படி ஒரு பழைய வீடோ ஜெபக்கூடமோ இருந்தா, வீட்டுக்காரர் அனுமதியோடு போட்டோ எடுத்து, ஊர் பேரோடு கமெண்ட்ல போடுங்க தோழர்களே. மாவட்ட வாரியாகத் தொகுத்து மனுவா கொடுப்போம்.

– தகவல் தொழில்நுட்ப அணி

#தரங்கம்பாடி #நம்மவீடு_நம்மமரபு #உலகபாரம்பரியதினம்