ஃபில்டரைக் கழட்டினா மைலேஜ் கூடுமா? டீசல் கார் வெச்சிருக்கிற திருப்பூர்க்காரங்களுக்கு ஒரு நீண்ட இழை

1/
டீசல் கார் வெச்சிருக்கவங்க, வாங்கலாம்னு யோசிக்கிறவங்க எல்லாருக்கும் இந்த இழை. விஷயம் மைலேஜ். "ஏனுங்க டாக்டரே, உங்களுக்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம்"னு கேப்பீங்க. கடைசி வரைக்கும் படிங்க, சம்பந்தம் புரியும்.

2/
இப்போ சில ஒர்க்‌ஷாப்களிலும் யூடியூபிலும் ஒரு இலவச ஆலோசனை ஓடிட்டிருக்கு. "பிஎஸ்6 டீசல் வண்டி மைலேஜ் தரலையா? டிபிஎஃப்-ஐக் கழட்டிடுங்க, ஈஜிஆரை அடைச்சிடுங்க, சாஃப்ட்வேரை மாத்திடலாம். லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் கூடும்."

இது கணக்குப்படி தப்பு. சட்டப்படி தப்பு. மருத்துவப்படி பெரிய தப்பு. மூணையும் ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

3/
முதல்ல, கம்பெனி சொன்ன மைலேஜ் ஏன் கிடைக்கிறதில்ல? அந்த நம்பர் எங்க பிறந்ததுன்னு பாருங்க.

புனேயில இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ மாதிரியான சோதனைக்கூடத்தில காரை உருளை மேல நிறுத்தி ஓட்டுறாங்க. சுமார் 20 நிமிஷம். 11 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதிகபட்ச வேகம் 90. ஏசி ஆஃப். குழி கிடையாது, குறுக்கே வர்ற டூவீலர் கிடையாது, வேகத்தடை கிடையாது.

4/
இப்போ நம்ம ரோட்டுக்கு வாங்க. பனியன் கம்பெனிகள் ஷிஃப்ட் ஆரம்பிக்கிற காலை நேரம். பி.என். ரோடு, புஷ்பா தியேட்டர் ஸ்டாப், குமரன் ரோடு. முதல் கியர், ரெண்டாவது கியர், பிரேக், திரும்ப முதல் கியர். ஏசி ஃபுல்லா ஓடுது. வெளியே 38 டிகிரி.

சோதனைக்கூடத்தில பிறந்த நம்பர் இந்த ரோட்டில எப்படி உயிரோட இருக்கும்?

5/
நம்ம ஊருக்குப் புரியிற மாதிரி சொல்றேன். பையருக்கு ஒரு சாம்பிள் பீஸ் அனுப்புறீங்க. நல்ல நூல், நல்ல தையல், டேபிள் மேல வெச்சு அளந்தா அளவு கச்சிதமா இருக்கு. ஆனா பையர் அதோட விடறாரா? துவைச்சுப் பாக்குறாரு. எத்தனை சதவீதம் சுருங்குதுன்னு பாக்குறாரு. பல்க்ல இருந்து பீஸ் எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் பண்றாரு.

துணியில 5 சதவீதம் கூடுதலா சுருங்கினா சரக்கையே திருப்பி அனுப்புவாங்கன்னு தெரிஞ்ச ஊரு இது. ஆனா கார் வாங்கும்போது மட்டும் சாம்பிள் நம்பரை அப்படியே நம்பிடறோம். அப்புறம் அது துவைச்சதும் சுருங்கிடுச்சுன்னு வண்டி மேல கோபப்படறோம்.

6/
வண்டி மேல தப்பு இல்லை. நாம ஓட்டுற தூரத்திலதான் விஷயமே இருக்கு.

வீட்டிலிருந்து கம்பெனி 4 கிலோமீட்டர். அங்கிருந்து பேங்க் 2 கிலோமீட்டர். சாயங்காலம் டியூஷன்ல இருந்து குழந்தையைக் கூப்பிட 3 கிலோமீட்டர். டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட மெதுவாத்தான் சூடேறும். சூடேறுறதுக்குள்ள நீங்க இறங்கிடறீங்க. குளிர்ந்த இன்ஜின் கூடுதலா டீசல் குடிக்கும்.

நிறுத்தி வெச்சு ஏசி போட்டுட்டு போன் பேசறீங்களா? அந்த நேரத்துக்கு உங்க மைலேஜ் பூஜ்யம். டீசல் போயிட்டே இருக்கும், கிலோமீட்டர் ஏறாது.

7/
இன்னொரு விஷயம். "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்"ங்கிற கணக்கே நம்மளை ஏமாத்தும். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு மாத்திப் பாருங்க.

10 தர்ற வண்டி 12 தந்தா, 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம்.
20 தர்ற வண்டி 22 தந்தா, 0.45 லிட்டர்தான் மிச்சம்.

ரெண்டுமே "ரெண்டு கிலோமீட்டர் கூடுச்சு"தான். மிச்சம் மட்டும் கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். "ஒண்ணு ரெண்டு கூடும்"னு சொல்றவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

8/
இப்போ டிபிஎஃப் கதைக்கு வருவோம். சைலன்சர் பாதையில உக்காந்திருக்கிற ஒரு வடிகட்டி அது. டீசல் புகையில வர்ற கரித்துகள்ல 90 சதவீதத்துக்கு மேல பிடிச்சு வெச்சுக்கும். இந்தியாவில 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்தப்புறம் டீசல் கார்கள்ல இது வந்துடுச்சு.

பிடிச்ச கரியை அப்பப்போ அதுவே எரிச்சு சுத்தம் பண்ணிக்கணும். அதுக்கு சுமார் 600 டிகிரி சூடு வேணும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கொஞ்சம் கூடுதலா டீசல் செலவு பண்ணும். நல்ல ரோட்டில நிக்காம 15, 20 நிமிஷம் ஓடினா வேலை முடிஞ்சுது.

9/
ஆனா 4 கிலோமீட்டர் ஓட்டி ஆஃப் பண்றவருக்கு அந்த வேலை முடியவே முடியாது. பாதி எரியும், நின்னுடும். மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் டீசல் வீண். எரியாத டீசல் கொஞ்சம் இன்ஜின் ஆயில்லயும் கலக்கும். சில வண்டிகள்ல ஆயில் அளவு குறையிறதுக்குப் பதிலா ஏறுறதுக்குக் காரணம் இதுதான். கடைசியில டேஷ்போர்டுல லைட் எரியும், ஒர்க்‌ஷாப் போவீங்க.

அங்கதான் "கழட்டிடலாம் சார்" ஆரம்பிக்குது.

10/
கழட்டினா என்ன மிச்சம்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உங்க நம்பரைப் போட்டும் பாருங்க.

வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர். 15 கிடைச்சது 16 ஆகுதுன்னே வெச்சுக்குவோம். மிச்சம் சுமார் 21 லிட்டர். லிட்டர் 93 ரூபாய்னு போட்டா வருஷத்துக்கு 2,000 ரூபாய்கூட வரலை. மாசம் 165 ரூபாய் சுத்தமா கிடையாது.

இந்தக் காசுக்காக வாரன்டியை விட்டுட்டு, சாஃப்ட்வேர் மாத்தறதுக்கு ஆயிரக்கணக்கில கொடுத்துட்டு வர்றோம்.

11/
சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. பிரிவு 190(2)படி, காற்று மாசு விதியை மீறின வண்டியைப் பொது இடத்தில ஓட்டினா, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாசம் வரை சிறை, இல்ல ரெண்டுமே. லைசென்ஸும் 3 மாசம் போகும்.

மாசம் 165 ரூபாய்க்கு இது தேவையாங்க?

12/
இனி என் துறை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2012 ஜூன்ல டீசல் புகையை முதல் பிரிவில வெச்சது. அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு ஆதாரம் உறுதியா இருக்கிற பட்டியல். புகையிலையும் அதே பட்டியல்லதான் இருக்கு. ரெண்டும் ஒரே அளவு ஆபத்துன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ஆதாரத்தில சந்தேகம் இல்லைன்னு அர்த்தம்.

13/
டீசல் கரித்துகள் ரொம்பப் பொடிசு. மூக்கு முடியில நிக்காது, தொண்டைச் சளியில ஒட்டாது. நேரா நுரையீரல் காற்றறை வரைக்கும் போகும். அதிலயும் பொடிசானது ரத்தத்துக்குள்ளயே கலக்கும்.

அதனால இது இருமல் பிரச்சினை மட்டும் இல்லை. மாரடைப்பு, பக்கவாதம், சிஓபிடி, குழந்தைகளுக்கு ஆஸ்துமா தீவிரமாகுறது எல்லாத்துக்கும் இதுல பங்கு இருக்கு.

14/
எங்க ஆஸ்பத்திரியில வீசிங்னு வர்ற குழந்தைக்கு நெபுலைசர் வைக்கிறோம். அம்மா கேப்பாங்க: "எதனால டாக்டர்?" இந்தக் குழந்தைக்கு இந்தக் காரோட புகைதான் காரணம்னு எந்த டாக்டராலயும் கை நீட்டிச் சொல்ல முடியாது. கை நீட்ட முடியாதுங்கிற ஒரே தைரியத்திலதான் நாம ஃபில்டரைக் கழட்டறோம்.

15/
ஆனா ஒரு இடத்தில கை நீட்டியே சொன்னாங்க. லண்டன்ல தெற்கு வட்டச் சாலைங்கிற நெரிசலான ரோட்டுப் பக்கத்தில வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013ல ஆஸ்துமாவில இறந்துபோனா. அவளோட அம்மா விடாம போராடினாங்க. 2020 டிசம்பர்ல மரண விசாரணை அதிகாரி, அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம்னு பதிவு பண்ணினார். அந்த மாசுக்கு முக்கியமான மூலம் வண்டிப் புகைன்னும் சொன்னார்.

ரோட்டோரம் குடியிருக்கிறதுதான் அந்தக் குழந்தை செஞ்ச ஒரே விஷயம்.

16/
நம்ம ஊர்ல ரோட்டோரம் யாரு இருக்காங்கன்னு பாருங்க. கண்ணாடி ஏத்தி ஏசி போட்ட நாம இல்லை. ஷிஃப்ட் முடிஞ்சு நடந்து போற தொழிலாளி, டிவிஎஸ்ல கட்டிங் பீஸ் மூட்டை ஏத்திட்டுப் போறவரு, சிக்னல்ல நிக்கிற போலீஸ்காரர், தள்ளுவண்டிக் கடை அக்கா.

இவங்கள்ல நிறைய பேர் பகல் முழுக்கக் கம்பெனிக்குள்ள பஞ்சுத் தூசியைச் சுவாசிச்சிட்டு வெளியே வர்றவங்க. வெளியே வந்ததும் நம்ம சைலன்சர்.

17/
"லாரி, ஜெனரேட்டர், பாய்லர் எல்லாம் விடாத புகையா? என் ஒரு கார்தான் ஊரைக் கெடுக்குதா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும்.

அதெல்லாமும் புகை விடுது, அதையும் கட்டுப்படுத்தணும். ஆனா இந்த வாதத்தை நம்ம ஊரு ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கு. "என் ஒரு பட்டறைச் சாயத்தண்ணியா நொய்யலைக் கெடுக்குது?" இப்படி ஒவ்வொருத்தரும் கேட்டுத்தான் ஆறு செத்துச்சு. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ எல்லாருக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்துச்சு. சுத்திகரிப்பைச் செலவுன்னு பார்த்ததுக்கு நாம கொடுத்த விலை அது.

டிபிஎஃப்பும் ஒரு சுத்திகரிப்பு நிலையம்தாங்க. உங்க காருக்கு அடியில இருக்கு, அவ்வளவுதான்.

18/
ஃபோக்ஸ்வேகன் கதை ஞாபகம் இருக்கா? சோதனையில இருக்கோம்னு கண்டுபிடிச்சு அப்போ மட்டும் நல்ல பிள்ளையா நடிக்கிற சாஃப்ட்வேரை டீசல் கார்கள்ல போட்டிருந்தாங்க. 2014ல மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நிஜ ரோட்டில ஓட்டி அளந்ததுலதான் வண்டவாளம் வெளியே வர ஆரம்பிச்சது. 2015 செப்டம்பர்ல அமெரிக்க அரசு நோட்டீஸ் விட்டுச்சு. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டி. இந்தியாவிலும் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சாங்க.

அன்னிக்கு ஊரே திட்டினோம். இன்னிக்கு அதே வேலையை நம்ம காருக்கு நாமளே காசு கொடுத்துச் செஞ்சுக்கறோம்.

19/
"என் வண்டிக்குப் புகைச் சான்று இருக்கு டாக்டர்." இருக்கும். அந்தச் சோதனை புகை எவ்வளவு அடர்த்தின்னு பாக்குது, துகள்களை எண்றதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடித்துகள் அதில தப்பிச்சிடும். அதனாலதான் நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023ல டீசல் வண்டிகளோட வழக்கமான பரிசோதனையில துகள் எண்ணும் கருவியைக் கொண்டுவந்தாங்க. ஃபில்டர் இல்லாத வண்டி அதில உடனே மாட்டும். இங்கேயும் அது வரணும்.

20/
அரசு செய்ய வேண்டியது இன்னொண்ணும் இருக்கு. 2023 ஏப்ரல்ல இருந்து புகையை நிஜ ரோட்டில ஓட்டி அளக்கிற விதி நம்ம நாட்டில வந்தாச்சு. அதே மாதிரி மைலேஜையும் நிஜ ரோட்டில அளந்து, நகரத்துக்கு ஒண்ணு, நெடுஞ்சாலைக்கு ஒண்ணுன்னு ரெண்டு நம்பரா ஷோரூம்ல எழுதி ஒட்டணும். பொய் நம்பர் இல்லைன்னா ஏமாற்றம் இல்லை. ஏமாற்றம் இல்லைன்னா ஃபில்டரைக் கழட்டச் சொல்றவருக்கு வியாபாரம் இல்லை.

21/
நாம செய்ய வேண்டியது:

✅ டேங்க்கை ஃபுல் பண்ணி கிலோமீட்டரைக் குறிச்சு, அடுத்த ஃபுல் வரைக்கும் ஓட்டி, போட்ட லிட்டரால வகுங்க. மூணு தடவை பண்ணினாத்தான் உங்க உண்மையான மைலேஜ் தெரியும்.
✅ டயர் காத்து சரியா இருக்கட்டும்.
✅ நிறுத்தி வெச்சா இன்ஜினை ஆஃப் பண்ணுங்க.
✅ டிபிஎஃப் லைட் வந்தா அவிநாசி போய் கோவை பைபாஸ்ல 20 நிமிஷம் நிக்காம ஓட்டுங்க. உங்க வண்டிக் கையேடு சொல்ற வேகத்தில.
✅ கையேடு சொல்ற ஆயிலையே ஊத்துங்க.

22/
வாங்கப் போறவங்களுக்கு. 2012ல டெல்லியில பெட்ரோலுக்கும் டீசலுக்கும் 30 ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. இப்போ நம்ம ஊர் பங்க்ல வித்தியாசம் சுமார் 8 ரூபாய்.

தினமும் கோவை, கரூர்னு ஓடறவருக்கு, மாசம் ரெண்டு தடவை தூத்துக்குடி போறவருக்கு டீசல் நல்ல வண்டி. ஃபில்டரும் அடைக்காது. தினமும் 10 கிலோமீட்டர் ஊருக்குள்ளயே சுத்தறவருக்கு டீசல் வேண்டாம். கூடுதலா கொடுத்த விலையை எடுக்கவே பல வருஷம் ஆகும்.

23/
டீசல் காரை விக்கச் சொல்லலை. டீசல்காரங்களைக் குற்றவாளின்னும் சொல்லலை. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். ஃபில்டரைக் கழட்டாதீங்க. ஏற்கெனவே கழட்டியிருந்தா திரும்ப மாட்டுங்க.

உங்க வண்டி மிச்சப்படுத்தற மாசம் 165 ரூபாயை, யாரோ ஒருத்தர் இன்ஹேலர் வாங்கிக் கட்டிட்டு இருக்காங்க.

இந்த இழையை உங்க மெக்கானிக்குக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்க.


அரசு மருத்துவர்,
திருப்பூர்