1 லட்சம் கி.மீ. தாண்டிய காருக்கு மினரல் ஆயிலா, செமி சிந்தடிக்கா? வடசென்னை ஓட்டத்துக்கு எது சரி?

“சார், வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. இனிமே சிந்தடிக் எல்லாம் வேணாம். கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்திடலாம்.” ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை எந்த மெக்கானிக் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அடுத்த தெருவிலேயே இன்னொருவர், “பழைய இன்ஜினுக்குத்தான் நல்ல ஆயில் வேணும், செமி சிந்தடிக் போடுங்க” என்பார். யார் சொல்வது சரி?

சுருக்கமான பதில்: புகை தள்ளாமல், ஆயில் குடிக்காமல் ஓடும் பழைய பெட்ரோல் காருக்கு, கையேடு ஃபுல் சிந்தடிக் கேட்காதபட்சத்தில், செமி சிந்தடிக் நல்ல தேர்வு. ஆனால் டப்பாவில் எழுதியிருக்கும் பெயரைவிட, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்பதுதான் வடசென்னையில் முக்கியம். இங்கே கிலோமீட்டர் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

பழைய காரை வைத்துக்கொள்வதே செலவாகி வருகிறது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பின்படி, 20 ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க ரூ.10,000 கட்டணம். முன்பு ரூ.5,000 இருந்தது. பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது வழக்கம். புதுக் கார் வாங்கும் வசதி வரும்வரை பழைய இன்ஜினைக் காப்பாற்ற நினைப்பவருக்கு, ஆயில்தான் மிகக் குறைந்த செலவில் கையில் இருக்கும் வழி.

மினரல், செமி, ஃபுல்: என்ன வித்தியாசம்?

எல்லா இன்ஜின் ஆயிலிலும் பெரும்பகுதி ‘பேஸ் ஆயில்’. மீதி, அழுக்கைப் பிடித்துவைக்கவும் தேய்மானத்தைத் தடுக்கவும் சேர்க்கும் வேதிப்பொருட்கள். பேஸ் ஆயில் வடசென்னைக்குப் புதிதல்ல. மணலியில் இருக்கும் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை பெட்ரோல், டீசலோடு லூப் பேஸ் ஸ்டாக்கும் தயாரிக்கிறது. தண்டையார்பேட்டையில் இந்தியன் ஆயிலின் லூப் கலவை ஆலை இருக்கிறது.

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ, பேஸ் ஆயிலை ஐந்து குரூப்களாகப் பிரிக்கிறது. முதல் இரண்டு குரூப்களில் இருந்து வருவதைத்தான் பொதுவாக மினரல் என்கிறோம். மூன்றாவது குரூப்பும் கச்சா எண்ணெயில் இருந்து வருவதுதான். ஆனால் மிகக் கடுமையாகச் சுத்திகரிக்கப்படுவதால் சந்தையில் சிந்தடிக் என்றே விற்கப்படுகிறது. நான்காவது குரூப், ஆலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டப்படுவது.

மினரலையும் சிந்தடிக்கையும் கலந்தால் செமி சிந்தடிக். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அதில் சிந்தடிக் இத்தனை சதவீதமாவது இருக்க வேண்டும் என்று உலக அளவில் பொதுவான குறைந்தபட்ச வரையறை எதுவும் இல்லை. அதனால் இரண்டு பிராண்டுகளின் ‘செமி’ ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முன்பக்கத்துப் பெரிய எழுத்தைவிட, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஏபிஐ தரக் குறியீடுதான் நமக்கு உதவும்.

அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2017-ல் நடத்திய ஆய்வகச் சோதனைகளில், சிந்தடிக் ஆயில்கள் சாதாரண ஆயிலைவிடச் சராசரியாக 47 சதவீதம் மேலாகச் செயல்பட்டன. அது ஃபுல் சிந்தடிக்குக்கான கணக்கு. செமி இரண்டுக்கும் நடுவில் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வடசென்னை ஓட்டம் ஏன் தனி?

சிந்தடிக்கின் பெரிய விளம்பரம், கடும் குளிரில் இன்ஜின் சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்பது. சென்னையில் மார்கழி அதிகாலையிலும் பாதரசம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆகவே அந்தப் பலன் நமக்குக் குறைவு. நமக்கு வேண்டியது சூட்டில் கெட்டுப்போகாத தன்மை. காரணம் மூன்று.

முதலாவது, நிற்கும் நேரம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். திருவொற்றியூரில் இருந்து பாரிமுனைக்கு சுமார் 10 கி.மீ. நெரிசலில் 50 நிமிடம் ஆனால் சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. இந்த வேகத்தில் 5,000 கி.மீ. ஓட்டினால் இன்ஜின் சுமார் 417 மணி நேரம் ஓடியிருக்கும். அதே 417 மணி நேரம் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போயிருந்தால் 25,000 கி.மீ. கடந்திருப்பீர்கள்! ஐடிலிங்கில் தேய்மானம் நெடுஞ்சாலை போல இருக்காதுதான். ஆனால் ஆயில் சூட்டில் கிடந்த நேரம் அதேதான். மீட்டர் 5,000 என்று காட்டும்போது ஆயிலுக்கு வயது அதைவிட அதிகம்.

இரண்டாவது, தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்று, எண்ணூர் பக்கம் போனது. அனல்மின் நிலையச் சாம்பல், லாரிகள் கிளப்பும் மண் எல்லாம் சேர்ந்து ஏர் ஃபில்டரை வேகமாக அடைக்கின்றன. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் நுண்மணல், பிஸ்டன் ரிங்கை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

மூன்றாவது, சின்னச் சின்ன ஓட்டம். வீட்டில் இருந்து ரயில் நிலையம் வரை மட்டும் ஓடும் காரில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. உள்ளே கசிந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் தங்கிவிடும். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் வேறு உண்டு.

கார் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். தூசி, நீண்ட நேர ஐடிலிங், குறுகிய ஓட்டம் ஆகியவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனியாகக் குறிப்பிட்டு, சீக்கிரம் ஆயில் மாற்றச் சொல்கின்றன. பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்பது வழக்கம். இந்தப் பகுதியில் தினமும் நெரிசலில் ஓடும் பழைய காருக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது நல்ல கணக்கு.

அப்போ எது போடலாம்?

புகை இல்லை, டிப்ஸ்டிக்கில் அளவு பெரிதாக இறங்கவில்லை என்றால்: கையேட்டில் உள்ள அதே கிரேடில் செமி சிந்தடிக். லிட்டருக்கு ரூ.150 கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 4 லிட்டர் பிடிக்கும் இன்ஜினுக்கு ஒரு முறைக்கு ரூ.600, ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றினால் ரூ.1,200. மாதம் 100 ரூபாய். ரிங் மாற்ற இன்ஜினை இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஆயில் குடிக்கிறது என்றால்: முதலில் அளந்து பாருங்கள். 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரைகூடச் சில நிறுவனங்களின் கையேடுகள் ஏற்கின்றன. ஆனால் அரை லிட்டரைத் தாண்டினாலே மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மீது சந்தேகம். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். இந்த நிலையில் விலை உயர்ந்த ஆயிலை ஊற்றுவது காசை எரிப்பதுதான். பழுது பார்க்கும்வரை மினரலே போதும். எந்த ஆயிலும் தேய்ந்த ரிங்கை வளர்க்காது.

கையேடு ஃபுல் சிந்தடிக் கேட்டால்: டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இது சகஜம். அங்கே செமி என்பது தரத்தைக் குறைப்பது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் காரில் புகைக்கரி ஃபில்டர் இருந்தால், சாம்பல் குறைவாக விடும் ஆயிலைத்தான் போட வேண்டும். பழைய டீசல் ஆயிலைப் போட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

‘ஹை மைலேஜ்’ என்று எழுதிய ஆயில்: 2000-ல் வால்வோலின் தொடங்கிவைத்த வகை இது. பழைய ரப்பர் சீல்களை இளக்கிக் கொஞ்சம் உப்பவைக்கும் பொருள் இதில் கூடுதல். லேசான கசிவுக்கு உதவலாம். சொட்டுச் சொட்டாக ஒழுகும் சீலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நம்பக் கூடாத மூன்று பேச்சு

“ஒருமுறை சிந்தடிக் போட்டா திரும்ப மினரல் போடக் கூடாது.” தவறு. ஒரே தரக் குறியீடு உள்ள ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. அவசரத்துக்கு டாப்-அப் செய்யலாம்.

“சிந்தடிக் போட்டா லீக் ஆகும்.” இன்றைய ஆயில் நல்ல சீலைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட சீலைப் பழைய கசடு அடைத்திருந்தால், அது கரையும்போது கசிவு வெளியே தெரியும். அவ்வளவுதான்.

“பழசானா கெட்டி ஆயில் போடணும்.” கையேட்டில் உள்ள வெப்பநிலை அட்டவணை அனுமதித்தால் மட்டும். 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் மேலே உள்ள பாகங்களுக்கு ஆயில் ஏற நேரமாகும். மைலேஜும் குறையும்.

கடையில் இன்னொன்றும் பாருங்கள். ஏபிஐ வரிசையில் எஸ்என் 2010-ல் வந்தது, எஸ்பி 2020-ல், எஸ்க்யூ 2025 மார்ச்சில். பெட்ரோல் காருக்குக் கையேடு பழைய குறியீட்டைச் சொன்னாலும், அதே கிரேடில் புதியதைப் போடலாம். சீல் உடையாத டப்பாவாக வாங்கி, உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள்.

இறக்கிய ஆயில் எங்கே போகிறது?

அடிக்கடி மாற்றினால் வேஸ்ட் ஆயிலும் அதிகமாகும். ஒரு காரில் இருந்து இறக்கும் ஆயில், 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர். எண்ணெய் தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரைக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கசிந்த எண்ணெயை வாளியால் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின.

அவை பெரிய விபத்துகள். கடை வாசல் சாக்கடையில் ஊற்றும் 4 லிட்டரும் மழைநீர் கால்வாய் வழியாகப் போய்ச் சேருவது பெரும்பாலும் அதே நீருக்குத்தான். சட்டப்படி பயன்படுத்திய ஆயில் ஆபத்தான கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் அதன் மறுசுழற்சியில் பொறுப்பு உண்டு. ஆனால் கடையில் டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்தால்தான் அந்தச் சங்கிலி ஓடும்.

எனவே அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள். “கையேட்டுல என்ன கிரேடுண்ணே? போன தடவை மாத்தி எத்தனை மாசம் ஆச்சு? இறக்கின ஆயிலை யார்கிட்ட கொடுப்பீங்க?” மினரலா, செமியா என்பதை இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு முடிவு செய்யலாம்.