ஓடுவதற்கும் ஒரு நிதானம்

சென்ற இதழில் நடைப் பயிற்சியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். "நடக்கிறவங்களுக்கு மட்டும்தான் எழுதுவீங்களாக்கா? எங்களை மாதிரி ஓடறவங்க உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று ஒரே சண்டை. அவளுக்காகத்தான் இந்த இதழ். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாமியார் இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவராம்!

எங்கள் மணவாள நகர் எப்போது விழிக்கும் என்று கேட்டால், அது தூங்குவதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலரைக்கே சென்னை ரயிலைப் பிடிக்கத் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு ஓடுகிற கூட்டம் ஒரு பக்கம். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் இன்னொரு பக்கம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, எந்த ரயிலையும் பிடிக்கிற அவசரம் இல்லாமல், சல்வாரும் ஷூவுமாக ஒரு பெண் ஓடினால்? "ஏம்மா, பஸ்ஸை விட்டுட்டியா?" என்று கேட்டவர்கள் உண்டு!

அவளுக்கு இரண்டு வயதில் ஒரு மகன். கணவருக்கு ஷிப்ட் வேலை. பிரசவத்துக்குப் பின் ஏறிய எடையைக் குறைக்கத்தான் முதலில் ஓட ஆரம்பித்தாள். பிறகு அதிலேயே ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கி.மீ. பிரிவில் பெயர் கொடுத்து, ஒரு மணி 18 நிமிடத்தில் ஓடி முடித்தாள். அடுத்த ஆண்டுக்குள் ஒரு மணி 10 நிமிடமாக்கிவிட வேண்டும் என்பது ஆசை. எட்டே நிமிடம்தானே!

ஆனால் அந்த எட்டு நிமிடம் அசைந்து கொடுக்கவில்லை. தினமும் காலையில் 5 கி.மீ., உயிரைக் கொடுத்து ஓடுவாள். 38 நிமிடம். மறுநாள் 38. அதற்கு மறுநாள் 39. நாலு மாதமாக இதே கதை. "இன்னும் என்னா பண்ணணும்க்கா? இதுக்கு மேல வேகமா ஓடினா மயக்கம் வருது" என்றாள்.

"தினமும் இப்படித்தான் ஓடுகிறாயா?" என்று கேட்டேன்.

"ஆமாம். வேகம் வரணும்னா வேகமாத்தானே ஓடணும்?"

நம்மில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தவறு செய்கிறோம். நியூஜிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960-லும் 1964-லும் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஸ்னெல்லின் பந்தயமோ 800 மீட்டர். இரண்டு நிமிடம்கூட ஆகாத ஓட்டம். அவரை லிடியார்ட் ஞாயிறுதோறும் ஓட வைத்த தூரம் சுமார் 35 கி.மீ! முதலில் நீண்ட தூரம் நிதானமாக ஓடி உடம்புக்கு அஸ்திவாரம் போட வேண்டும், வேகமெல்லாம் அதற்கப்புறம் என்பது அவர் கட்சி. இன்றைக்கும் பெரிய ஓட்டக்காரர்கள் ஐந்து நாள் ஓடினால் சுமார் நாலு நாள் நிதானமாகத்தான் ஓடுகிறார்கள்.

நிதானமாக ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. கால் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தினமும் மூச்சு வாங்க ஓடினாலோ, உடம்புக்குத் தேறுவதற்கே நேரம் கிடைப்பதில்லை. பருப்பைத் தீயை ஏற்றி வேக வைத்தால் அடி பிடிக்கும், நடுவே வேகாது, அந்த மாதிரிதான்!

எது நிதானம் என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் தடங்கலில்லாமல் பேச முடிகிறதா? அதுதான் நிதானம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வேகத்தைக் குறையுங்கள். நம் பெண்ணுக்கு அப்படிப் பார்த்ததில் கி.மீட்டருக்கு ஒன்பது நிமிடம் வந்தது. "இது என்னக்கா, எங்க மாமியார் கோயிலைச் சுத்தறதே இதைவிட வேகம்" என்று முகத்தைச் சுளித்தாள். சுளித்தாலும் செய்தாள்.

வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு நாள் நிதான ஓட்டம். ஒரு நாள் மட்டும் வேக ஓட்டம்: பள்ளி மைதானத்தில் 400 மீட்டரை 2 நிமிடம் 40 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடி, இப்படி ஆறு தடவை. ஞாயிற்றுக்கிழமை கணவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, கடம்பத்தூர் பக்கம் நீண்ட ஓட்டம். முதல் வாரம் 6 கி.மீ.; பிறகு அரையும் ஒன்றுமாகக் கூட்டி, நாலு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் குறைத்து, 12 வரை போனாள். ஓடாத நாளில் இரண்டு நாள், மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சியும். அம்மியும் ஆட்டுக்கல்லும் போன பிறகு நம் உடம்பில் எந்தத் தசைக்குத்தான் வேலை இருக்கிறது, சொல்லுங்கள்!

இதெல்லாம் சரி. அவள் சொன்ன அந்த மயக்கம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. "ரத்தப் பரிசோதனை செய்த பிறகு ஓடினால் போதும்" என்று பிடிவாதமாகச் சொன்னேன். ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. மூச்சுக்காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தசைகளுக்குச் சுமந்து செல்வதே இந்த ஹீமோகுளோபின்தான். கூலியாட்களே குறைவாக இருக்கும்போது மூட்டை எப்படிப் போய்ச் சேரும்? அவள் நாலு மாதமாகக் காலை விரட்டினாள். குறையோ ரத்தத்தில் இருந்தது.

இது அவள் ஒருத்தி கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கணவர், குழந்தை, மாமனார், மாமியார் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சின ரசத்தைச் சோற்றில் ஊற்றி, கையோடு ஒரு டீயும் குடித்துவிட்டு எழுந்தால் வேறென்ன வரும்? இந்தப் பெண் அதற்கு மேல் ஒரு படி போயிருந்தாள். எடை குறைய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டையே நிறுத்தியிருந்தாள்! வெறும் வயிற்றோடு படுத்து, வெறும் வயிற்றோடு எழுந்து, 5 கி.மீ. ஓட்டம். எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அதைப் பாலோடும் டீயோடும் விழுங்கக்கூடாது. சத்து உடம்பில் ஒட்டாது. சாப்பாட்டுக்கும் டீ, காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக இறங்கும். அசைவக்காரர்களுக்கு ஈரல் இருக்கிறது. ஓடப் போகுமுன் ஒரு வாழைப்பழம். வந்ததும் இட்லியோ கஞ்சியோ, கூடவே முட்டையோ சுண்டலோ. மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், டாக்டர் சொன்னால்தான். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும். அந்த ஆறு வாரமும் அவளை நடக்க மட்டும்தான் விட்டேன். தினமும் என்னைச் சபித்திருப்பாள்!

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுகப்பிரசவமானாலும் மூன்று மாதத்துக்கு முன் ஓட்டம் வேண்டாம். சிசேரியன் என்றால் டாக்டரைக் கேட்காமல் காலே வைக்க வேண்டாம். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போலக் கனத்தாலோ, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இடுப்புத் தளத் தசை இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். அதற்குப் பயிற்சி உண்டு. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றே போனாலோ, கர்ப்பமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். அப்படியே விட்டால் எலும்பே பலவீனமாகிவிடும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பொருத்தமான உள்ளாடை அணிந்து ஓடினால் வசதி. "ஓடினால் பால் கெட்டுவிடும்" என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். அளவான ஓட்டத்தால் பால் கெடுவதில்லை.

இந்தப் பயமுறுத்தலெல்லாம் நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்களின் 800 மீட்டரை ஓட விட்டுப் பார்த்துவிட்டு, பெண்களால் தாங்க முடியாது என்று நீக்கினார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர 1984 ஆயிற்று! இதற்கிடையில் மிக்கி கோர்மன் என்ற ஜப்பானிய வம்சாவளிப் பெண்மணி என்ன செய்தார் தெரியுமா? முப்பது வயதைத் தாண்டி அமெரிக்காவில் ஓட ஆரம்பித்தவர். 1974-ல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 47 நிமிடத்தில் ஓடி வென்றார். 1975-ல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். 1976-ல், 41-வது வயதில், நியூயார்க் மாரத்தானில் 2 மணி 39 நிமிடத்தில் ஓடி முதலாவதாக வந்தார். குழந்தை பெற்ற பிறகு எட்டு நிமிடம் குறைத்திருக்கிறார்! இதைச் சொன்னதும் நம் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதே எட்டு நிமிடம்!

இன்னும் இரண்டொரு விஷயம். எங்கள் ஊர்ச் சாலைகளில் லாரிப் போக்குவரத்து அதிகம். அதனால் வண்டிகள் எதிரே வருகிற மாதிரி சாலையின் வலது ஓரமாக ஓடுங்கள். இருட்டில் வெளிர் நிற உடை அவசியம். சித்திரை, வைகாசியில் நேரம் பார்க்கவே பார்க்காதீர்கள். வெயிலில் உடம்பைக் குளிர வைக்கவே ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, கால்களுக்குக் கிடைப்பது குறைவு. மே மாதக் கணக்கை ஜனவரிக் கணக்கோடு ஒப்பிட்டு அழுவதில் அர்த்தமில்லை.

போன ஜனவரியில் அவள் மறுபடி சென்னையில் 10 கி.மீ. ஓடினாள். முதல் இரண்டு கி.மீ. எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்களாம். "உங்க பேச்சைக் கேட்டு பல்லைக் கடிச்சிக்கிட்டு மெதுவாவே போனேன்க்கா. ஏழாவது கிலோமீட்டர்லேர்ந்து ஒவ்வொருத்தரா தாண்டினேன்" என்றாள். ஒரு மணி 11 நிமிடம். ஹீமோகுளோபின் இப்போது 12.4.

ஒரு நிமிடம் தவறிவிட்டதே என்று அவளுக்குக் குறைதான். மாமியாருக்கு அவளைவிட அதிகக் குறை! "அந்த ஒரு நிமிஷத்தை எங்கடி விட்ட?" என்று கேட்டுக்கொண்டே, தட்டில் முருங்கைக்கீரை அடையை இன்னொன்று வைத்தாராம்.