கிளியனூரில் ஒரு ஹீட்டர் நிபுணர்

எங்கள் கிளியனூரில் ஹீட்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். பக்கெட்டில் மாட்டுகிற கம்பிச்சுருள். அதையும் மார்கழியில் பத்து நாள், மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் இன்னொரு நாள் பரணிலிருந்து இறக்குவோம். சித்திரை, வைகாசியில் குழாயைத் திறந்தாலே வெந்நீர். உபயம், பஞ்சாயத்து டேங்க். கிழக்கே மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரே, 'ஆளை விடுங்கடா சாமி' என்று ஆவியாகிவிடுகிற வெயில் இது.

அப்பேர்ப்பட்ட ஊர்க்காரனிடம், பனிக்கட்டி மேல் கூடாரம் போட்டு உட்கார எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று யோசனை கேட்டால் எப்படி இருக்கும்? கேட்டவன் என் அக்கா பையன். இருப்பது டொரான்டோவின் ஸ்கார்பரோவில்.

"மாமா, சனிக்கிழமை சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போறோம்."

"ஜனவரியில ஏரி உறைஞ்சு கிடக்குமேடா?"

"அதான் மாமா! உறைஞ்சாத்தான் போவோம். மேல நின்னு ஓட்டை போட்டுப் பிடிக்கணும்."

நாம் ஏரி வற்றினால் மீன் பிடிப்போம். அவர்கள் ஏரி கெட்டியானால் பிடிக்கிறார்கள். ஊருக்கு ஊர் வழக்கம்.

டொரான்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சிம்கோ. எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஏரி. குளிர்காலத்தில் அதன்மேல் குட்டிக் குட்டிக் குடில்கள் முளைத்துவிடும். குடில் வைத்தால் ஒன்டாரியோ அரசிடம் பதிவு செய்து, ஆட்டோவுக்கு நம்பர் எழுதுகிற மாதிரி வெளியே பெரிசாக எண் எழுத வேண்டும். ஏழு சதுர மீட்டருக்குள் அடங்குகிற துணிக் கூடாரத்துக்கு மட்டும் விலக்கு. நம்மாள் துணிக் கூடார கோஷ்டி.

இதற்கு ஏன் என்னைக் கேட்கிறான்? அக்கா சொல்லியிருக்கிறாள், "உங்க மாமன் எதையும் பத்து இடத்துல விசாரிக்காம வாங்கமாட்டான்" என்று. (மிக்ஸி வாங்க எனக்கு நாலு மாதம் ஆனது. வீட்டில் இன்றுவரை பேச்சு.) சரி, விசாரித்தேன்.

முதலில் கரன்ட். ஏரி நடுவில் பிளக் பாயின்ட் கிடையாது. பெரிய பாட்டரி கொண்டுபோகலாம். ஆனால் ஆயிரம் வாட் ஹீட்டரை மாட்டினால், ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும் பாட்டரி ஒரு மணி நேரத்தில் காலி. மீன் அதற்குள் வந்து 'வணக்கம்' சொல்லப் போவதில்லை.

அப்படியானால் கேஸ். அதிலும் ஜாதகம் பார்க்க வேண்டும். கேஸ் எரிய வேண்டுமென்றால் சிலிண்டருக்குள் இருக்கிற திரவம் முதலில் ஆவியாக வேண்டும். பியூட்டேன் பூஜ்ய டிகிரி பக்கம் வந்தாலே, 'நான் வரலைப்பா' என்று உள்ளேயே படுத்துக்கொள்ளும். ப்ரொப்பேன் ரோஷக்காரன். மைனஸ் 42 வரை ஆவியாகும். ஆகவே ப்ரொப்பேன்.

அடுத்தது அளவு. இந்த ஹீட்டர்களைப் பி.டி.யூ. கணக்கில் விற்கிறார்கள். கூடாரக்காரர்கள் அதிகம் வாங்குவது மணிக்கு 4,000 முதல் 9,000 பி.டி.யூ. வரை கூட்டிக் குறைக்கிற ரகம். 9,000 என்றால் சுமார் 2,600 வாட். நம் ஆயிரம் வாட் பக்கெட் கம்பி இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையடக்கமான ஒரு பவுண்டு சிலிண்டர் சிம்மில் வைத்தால் ஐந்து மணி நேரம் சொச்சம் வரும். முழுசாகத் திருகினால் இரண்டரை மணி நேரம்கூட வராது.

இன்னொரு வேடிக்கை. ப்ரொப்பேன் எரிந்தால் தண்ணீர் உண்டாகிறது. ஒரு பவுண்டு எரித்து முடித்தால் முக்கால் லிட்டர் அளவுக்கு நீராவி. அது கூடாரத் துணியில் படிந்து தலையில் சொட்டும். குளிருக்குப் பயந்து உள்ளே போனவனுக்கு இலவச அபிஷேகம்!

இத்தனையும் கேட்டுவிட்டு மருமகன் சொன்னான்: "பெருசாவே ஒண்ணு வாங்கிட்டு, ஜிப்பை முழுசா மூடிட்டா சூடு கம்முனு நிக்கும் மாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இங்கேதான். சூடு நிற்கும். கூடவே மூச்சும் நின்றுவிடுமே!

நெருப்பும் நம்மை மாதிரி ஆக்ஸிஜன் சாப்பிடுகிற ஜென்மம். சின்னக் கூடாரத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறீர்கள். அதற்குப் பற்றாக்குறை வந்தால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமில்லை, வாசனையில்லை, இருமல்கூட வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய ஸீட்டில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிவாதமாக உட்கார்ந்துகொள்ளும். நம்ம டவுன் பஸ்ஸில் துண்டு போட்டவன்கூட இவ்வளவு உறுதியாக இருக்கமாட்டான். லேசாகத் தலைவலி, குமட்டல், தூக்கம். தூக்கம்தானே என்று படுத்தால் கதை முடிந்தது.

அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டுபோவார்கள். விஷவாயு வந்தால் குருவிதான் முதலில் மயங்கும். பிரிட்டனில் இந்த வழக்கத்தை விட முடிவு செய்ததே 1986-ல்தான். நம் ஊர்ப் பெயரில் கிளி இருக்கிறது என்பதற்காகக் கிளியைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. அதற்குப் பதில் பாட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது.

நல்ல ஹீட்டரில் இரண்டு காவல்காரர்கள் இருப்பார்கள். காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் 18 பக்கம் இறங்கினால் கேஸை மூடுகிறவர் ஒருவர். ஹீட்டர் சாய்ந்தால் அணைக்கிறவர் இன்னொருவர். ஆனால் முதல் ஆள் ஆக்ஸிஜனைத்தான் கவனிப்பார். விஷவாயுவை எண்ணமாட்டார். ஆகவே அலாரம் தனியாக வேண்டும், மேலேயும் கீழேயும் காற்று வழி திறந்திருக்க வேண்டும், உள்ளே தூங்கவே கூடாது. இத்தனையும் சொல்லி, "பெரிசு வேண்டாம்டா, காவல்காரன் இருக்கிற சின்னதை வாங்கு" என்றேன்.

சிம்கோவுக்கு நாம் எங்கே போகப் போகிறோம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆபீஸில் சனி, ஞாயிறோடு ஒரு நாள் லீவு ஒட்டினால் கொடைக்கானல், ஊட்டி என்று கிளம்புகிறவர்கள் நாம்தானே? 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் ஒரு விடுதி அறையில், பார்பிக்யூ போட்ட கரி அடுப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு படுத்த இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. அடுப்புப் புகைதான் காரணம் என்று செய்தி வந்தது. சுடர் அடங்கிச் செக்கச்செவேல் என்று கனிகிற கரி பார்க்கச் சாதுவாக இருக்கும். அதுதான் படு விஷமம். குளிர்ந்தால் விடுதிக்காரரிடம் இன்னொரு கம்பளி கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

மலைக்கே போகாதவர்களுக்கும் இது உண்டு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததே, அந்த மாதிரி நாளில் கரன்ட் போகும், ஜெனரேட்டர் வரும். மழையில் நனையுமே என்று அதை வீட்டுக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்தினால், அதே வாயு, அதே தூக்கம். ஜன்னலுக்குத் தள்ளி வெளியே வைத்து, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துவிடுங்கள். மிஞ்சிப்போனால் நனையும். நனைந்த ஜெனரேட்டரைச் சரிசெய்யத் திண்டிவனத்தில் எத்தனையோ மெக்கானிக் இருக்கிறார்கள்.